பிரம்மாவுக்கு நடனம், புத்தருக்கு முட்டை

பாங்காக்கின் ராட்சபிரசோங் சந்திப்பில், தலைக்கு மேல் மின்ரயில் ஓட, ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றின் மூலையில் நான்முகப் பிரம்மா உட்கார்ந்திருக்கிறார். நம் பக்கத்தில் தனிக்கோயில் கிடைப்பதே அரிதான கடவுள். அங்கே காலை முதல் இரவு வரை கூட்டம். சாமந்தி மாலைகளும் மர யானைகளும் குவிகின்றன. ஓரத்துப் பந்தலில் கூம்புக் கிரீடம் வைத்த பெண்கள், வேண்டுதல் பலித்தவர் கட்டிய காசுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். முழந்தாளிட்டுக் கும்பிடுகிறவர்களில் பலர் கழுத்தில் புத்தர் தாயத்து. தாய்லாந்து மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தேரவாத பௌத்தர்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே இந்த மூலையைப் பார்த்துவிட்டு வரும் பயணிகள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். மேலை நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டுப் போனவர், ‘பேருக்குத்தான் பௌத்தம், அடியில் இருப்பதெல்லாம் பேயும் மந்திரமும்’ என்கிறார். நம்மவர், ‘பார்த்தீர்களா, எல்லாம் இங்கிருந்து போனதுதான்’ என்று மார் தட்டிக்கொள்கிறார். எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டு முடிவுகளுக்கும் வேர் ஒன்றே. இருவருமே ஒரு பொருளைக் கண்டதும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். அது வரலாற்றுக் கேள்வி, கேட்கலாம். ஆனால் அந்தப் பொருள் இன்று அங்கே என்ன வேலை செய்கிறது, யார் யாருக்காக எந்த வரிசையில் அதைச் செய்கிறார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் வைத்துக்கொள்வதில்தான் கோளாறு. தாய்லாந்துச் சமயத்தைப் பற்றிக் கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த நல்ல ஆய்வுகளிலிருந்து ஒரு பயணி எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியை என்பது என் கட்சி.

அந்த மூலையில் இருக்கும் எரவான் பிரம்மாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். அவர் பழைய தெய்வமில்லை. 1956 நவம்பரில் வந்தவர். அந்த இடத்தில் அரசாங்கமே ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தது. விபத்துகள் அடுக்கடுக்காக வந்தன, செலவு கைமீறிப் போனது, இத்தாலியப் பளிங்குக்கல் ஏற்றி வந்த கப்பல் மூழ்கியது. சோதிடரைக் கேட்டார்கள், கால்கோள் இட்ட நாள் சரியில்லை, பிரம்மாவை வைத்தால் தீரும் என்றார். அரசின் கலைத்துறை சிலை செய்து கொடுத்தது. இந்தியாவைப் பற்றியோ வேதத்தைப் பற்றியோ அங்கே யாரும் விவாதித்ததாகத் தெரியவில்லை. கட்டடத்துக்கு ஒரு கஷ்டம், அதற்கு ஒரு கை தேவைப்பட்டது. 2006 மார்ச்சில் மனநலம் குன்றிய ஒருவர் சுத்தியலால் சிலையை உடைத்தார். அங்கிருந்தவர்கள் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். இரண்டே மாதத்தில் புதுச்சிலை வந்தது. அப்போது பிரதமர் தக்சினுக்கு எதிரான போராட்டம் உச்சத்தில் இருந்ததால், சிலை உடைந்ததை அரசியல் சகுனமாக நகரமே படித்ததைச் சார்ல்ஸ் கீஸ் என்ற மானிடவியலாளர் அந்த ஆண்டே எழுதினார். 2015 ஆகஸ்டு 17 அன்று அதே இடத்தில் வெடித்த குண்டு 20 உயிர்களைக் குடித்தது. இரண்டு நாளில் மீண்டும் திறந்து, மீண்டும் பூசை. மூடநம்பிக்கையின் மிச்சம் என்றோ இந்து மதத்தின் கிளை என்றோ சொல்லி இதைத் தாண்டிப் போக முடியாது. இது ஒரு நவீன நகரத்தின் நட்ட நடுவில், நவீன காலத்திலேயே பிறந்து வளர்ந்த வழிபாடு.

சரி, இந்தியத் தெய்வத்துக்கு ஒரு முறை, புத்தருக்கு வேறு முறை என்றாவது இருக்கிறதா? பாங்காக்கிலிருந்து கிழக்கே சாசொயெங்சாவ் போனால் சோதொன் புத்தர் இருக்கிறார். அரச அந்தஸ்துள்ள விகாரை, முழு பௌத்தப் படிமம். அவரிடம் வேண்டிக்கொண்டவர்கள் அவித்த முட்டைகளைத் தட்டுத் தட்டாக அடுக்குகிறார்கள். நடனமும் காணிக்கை ஆகிறது. பிரம்மாவுக்கு ஆடும் அதே வகை நடனம். நகரம் 1782இல் நிறுவப்பட்டபோது நட்ட நகரத் தூண் பாங்காக்கில் இருக்கிறது. அந்தத் தூணின் தெய்வத்துக்கும் இதே நடனந்தான். நக்கோன் பத்தோம் பக்கம் சிசத்தோங் விகாரையில் ராகுவுக்கு எட்டு விதக் கறுப்புப் பொருள் படைக்கிறார்கள்: கறுப்புக் கோழி, கறுப்புக் காப்பி, கறுப்பு அல்வா மாதிரியான ஜெல்லி. ஐந்தாம் ராமா மன்னரின் குதிரைச் சிலைக்கு ரோஜாவும் பிராந்தியும் சுருட்டும். வீட்டு வாசலில் ஒற்றைக் கால் தூணில் நிற்கும் பூமித் தெய்வத்தின் குட்டிக் கோயிலுக்கு உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு ஃபாண்டா. வேண்டுதல், அது பலித்ததும் கடன் தீர்த்தல் என்ற ஒரே ஒழுங்கு எல்லாவற்றிலும் ஓடுகிறது. இன்னாருக்கு இன்னது பிடிக்கும் என்ற கணக்கு மட்டும் மாறுகிறது. மூலத்தை வைத்துப் பிரித்தால் புத்தரும் பிரம்மாவும் மன்னரும் வெவ்வேறு அலமாரிகளுக்குப் போய்விடுவார்கள். செயலை வைத்துப் பார்த்தால் மூவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆய்வாளர்களும் வெகுகாலம் அலமாரி முறையைத்தான் பின்பற்றினார்கள். ஆவி வழிபாடு அடித்தட்டு, பிராமணியம் நடுத்தட்டு, பௌத்தம் மேல்தட்டு என்று மூன்றாக அடுக்குவது வழக்கம். 1977இல் தாமஸ் கிர்ஷ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகூட அந்த மூன்றின் உறவை வகுத்துக் காட்டுவதே. இந்த அடுக்கை உள்ளிருந்து அசைத்தவர் ஒரு தமிழர் என்பது நமக்கு அவ்வளவாகத் தெரியாது. ஸ்டான்லி ஜெயராஜ தம்பையா 1929இல் இலங்கையில் கிறித்தவத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1960 முதல் 1963 வரை யுனெஸ்கோ பணியாகத் தாய்லாந்தில் இருந்தார். பிறகு கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வர்டு. வடகிழக்கில், லாவோ மொழி பேசும் ஈசான் பகுதியில், உடோன் தானி அருகே பான் ப்ரான் மூவன் என்ற நெல் விளையும் கிராமத்தை எடுத்துக்கொண்டு, 1970இல் அவர் வெளியிட்ட நூல் பௌத்தத்தையும் ஆவி வழிபாட்டையும் சேர்த்தே ஆராய்கிறது. கிராமத்துச் சடங்குகளை நான்கு தொகுதிகளாக அவர் கண்டார்: பிக்குகள் செய்பவை, உயிர்ச்சத்தை உடம்பில் நிலைநிறுத்தும் குவான் சடங்குகள், ஊர்க்காவல் தெய்வங்களுக்கானவை, கெட்ட ஆவியை ஓட்டுபவை. நான்கையும் மூலத்தைக் கொண்டு அவர் பிரிக்கவில்லை. யார் நடத்துகிறார், எதற்காக, வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் என்று கேட்டுப் பிரித்தார். ஒன்று விட்ட இடத்தை மற்றது பிடித்துக்கொள்கிறது. பிக்கு மரணத்தையும் மறுபிறவியையும் பார்த்துக்கொள்கிறார். இந்தப் பிறவியில் குழந்தை பிறப்பதும் கல்யாணம் நடப்பதும் நோய் தீருவதும் குவான் சடங்கின் பொறுப்பு. மழையும் ஊர் நலமும் காவல் தெய்வத்தின் பொறுப்பு. அந்தக் காவல் தெய்வங்களில் ஒன்று விகாரையின் காவலும்கூட, சீலம் காத்து வாழ்ந்து இறந்த ஒரு வெள்ளுடைக்காரரின் ஆவி. ஆவி வழிபாடு பௌத்தத்துக்கு முந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் இந்தத் தெய்வத்தை எந்தத் தட்டில் வைப்பார்கள்?

அந்த நூலின் உயிர் என்று நான் கருதுவது துறவுச் சடங்கைப் பற்றிய பகுதி. தாய்லாந்து இளைஞன் ஒரு மழைக்காலமாவது காவி உடுத்துவது பழைய வழக்கம். புண்ணியம் பெற்றோருக்கு, குறிப்பாகத் தாய்க்கு. பௌத்தத்தின் மையச் சடங்கு இதைவிட வேறு இருக்க முடியாது. ஆனால் விகாரைக்குள் நுழைவதற்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். தலையும் புருவமும் மழித்து வெள்ளை உடுத்திய இளைஞன் நடுவில் உட்கார்கிறான். எதிரே பாய் சி: வாழையிலையை ஊசி முனைபோல மடித்து அடுக்கடுக்காகக் கட்டிய கூம்பு, பூ, சோறு, உச்சியில் அவித்த முட்டை. நடத்துகிறவர் பிக்கு இல்லை, ஊர்ப் பெரியவர். உடம்பில் குடியிருப்பதாக நம்பப்படும் 32 குவான்களையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக அழைக்கிறார். காட்டில் திரியாதே, ஆற்றோரம் நிற்காதே, உடம்புக்கு வந்து சேர் என்கிற தொனி. தாய் சுமந்த பாட்டையும் பெற்ற வேதனையையும் இழுத்துப் பாடும்போது கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முடிந்ததும் வெள்ளை நூலை மணிக்கட்டில் கட்டுகிறார்கள், உறவினர் ஒவ்வொருவராக. அடுத்ததாக விகாரையை மூன்று முறை வலம் வந்து உள்ளே போகிற அதே இளைஞனைப் பிக்குகள், நீ மனிதன்தானா என்று பாலியில் கேட்கிறார்கள். மனித வேடத்தில் வந்து துறவு பெற்ற நாகனின் கதை அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. துறவு பூணும் வரை அவனுக்குப் பெயரே நாக். இதில் பௌத்தம் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது? தம்பையா இன்னொரு நுட்பத்தையும் காட்டினார். குவான் அழைக்கிற பெரியவர் இளமையில் பிக்குவாக இருந்தவர். ஏட்டைப் படிக்கும் வித்தையை விகாரையில்தான் கற்றார். பெரியவர்கள் இளைஞனுக்குக் குவானைக் கொடுக்கிறார்கள், இளைஞன் பெரியவர்களுக்குப் புண்ணியத்தைக் கொடுக்கிறான். தலைமுறைகளுக்கு நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. இதில் ஒன்றைக் களைந்துவிட்டு மற்றதை மட்டும் ‘சுத்த பௌத்தம்’ என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகாது.

இனி நம்மவர் மார் தட்டும் இடத்துக்கு வருவோம். அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தென் தாய்லாந்தின் மேற்குக் கரையில், தகுவா பா பகுதியில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காத்த மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரையும் குறிப்பிடுகிறது. பாங்காக்கில் சுத்தாட் விகாரைக்கு எதிரே சிவப்பு வண்ணத்தில் உயர்ந்து நிற்கும் பெரிய ஊஞ்சலும், பக்கத்தில் 1784இல் எழுந்த தேவஸ்தானமும், அங்கே ஆண்டுதோறும் நடக்கும் திரியம்பாவாய்ச் சடங்கும், அரண்மனைப் பிராமணர்கள் கிரந்த எழுத்து ஏடுகளில் காத்துவந்த தமிழ்ப் பாடல்களும் உண்மைதான். சிவன் பூமிக்கு இறங்கி வந்து 10 நாள் தங்குகிறார், பிறகு நாராயணன் 5 நாள். முன்னெல்லாம் ஊஞ்சலில் நால்வர் நால்வராக ஏறி, மூங்கில் கழியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்கள். சிவனாக வேடம் ஏற்று உட்கார்ந்து பார்ப்பவர் ஓர் உயர் அதிகாரி. ஆறாம் ராமா, ஏழாம் ராமா காலத்து அரசவையில் வேலை பார்த்த குவாரிட்ச் வேல்ஸ் 1931இல் எழுதிய நூலில் இதை விவரமாகப் பதிந்திருக்கிறார். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாடல்களை ஓதுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அங்கே இல்லை. ஓதுகிற பிராமணர்களும் புத்தரை வணங்குகிறவர்களே. நக்கோன் சி தம்மராட், பத்தலுங் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து வந்து, பல தலைமுறைகளாக மன்னருக்குச் செய்யும் வேலை அது. அவர்களிடம் போய் நீங்கள் எங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடுவது, அவர்கள் அங்கே இத்தனை நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததை ஒன்றுமில்லாமல் ஆக்குவது. விதை இங்கிருந்து போயிருக்கலாம். அங்கே அது மன்னராட்சியின் ஆண்டுக் கணக்கில் ஒரு நாளாகிவிட்டது. அரசு மாறியபோது அதன் விதியும் மாறியது. 1932 புரட்சி முழு முடியாட்சியை முடித்து வைத்தது. 1935இல் ஊஞ்சலாட்டம் நின்றது. தேவஸ்தானத்துக்குள் பூசை மட்டும் தொடர்கிறது.

என் வாதத்துக்கு எதிராகக் கனமான ஒரு மறுப்பு உண்டு. சுத்தம், கலப்பு என்ற பிரிவினையை மேலை நாட்டார் கண்டுபிடிக்கவில்லை; தாய் மக்களே செய்ததுதான் என்பது அது. உண்மை. நான்காம் ராமா என்ற மொங்குட் மன்னர் 27 ஆண்டு பிக்குவாக இருந்து, பாலி மூலத்துக்குத் திரும்பும் தம்மயுத் பிரிவைத் தொடங்கிவிட்டுத்தான் 1851இல் அரியணை ஏறினார். 1932இல் சையாவில் சுவான் மொக் என்ற மடத்தை நிறுவிய புத்ததாச பிக்கு, தாயத்தையும் புனித நீரையும் வாழ்நாள் முழுக்கக் கண்டித்தார். சங்கத்தின் ஆளுகையிலிருந்து 1975இல் விலகிய சந்தி அசோக் இயக்கத்தார் புத்தர் சிலையையே முன்னிறுத்துவதில்லை. இவர்களை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆனால் மொங்குட்டை முழுதாகப் பாருங்கள். சியாம் நாடு ஆபத்துகளிலிருந்து தப்பிவந்ததற்கு ஏதோ ஒரு தெய்வம் காவல் இருக்க வேண்டும் என்று கருதி, பிரா சயாம் தேவாதிராட் என்ற தங்கப் படிமம் செய்வித்து அரண்மனையில் வைத்தவர் அவரே. பிராமணர் நடத்திய ஏர்ப்பூட்டு விழாவை அவர் ஒழிக்கவில்லை. முந்திய நாள் மரகத புத்தர் சன்னிதியில் பிக்குகள் விதைநெல்லுக்கு ஓதும் சடங்கை முன்னால் சேர்த்தார். இன்றும் மே மாதத்தில் அந்த வரிசைதான். சீர்திருத்தவாதியின் கையிலும் நடந்தது புது வரிசைப்படுத்தல், அழிப்பு இல்லை. புத்ததாசர் விஷயம் வேறு. அவர் சொன்னது ஓர் அறக்கோரிக்கை, அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு சமயம் எப்படி இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை, அது எப்படி இருக்கிறது என்ற விவரணையாக ஆய்வாளரோ பயணியோ எடுத்துக்கொள்ளக் கூடாது. சுத்தம் என்ற அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தாய்லாந்தில் பெண்ணுக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்று 1928இல் பௌத்த சங்கத்தின் தலைவரான சங்கராஜா ஆணையிட்டார். தம்மநந்தா என்று இன்று அறியப்படும் பிக்குணி இலங்கைக்குப் போய்த்தான் துறவு பெற வேண்டியிருந்தது. சாமியாடிக் குறிசொல்லும் தொழிலிலோ பெண்களே மிகுதி. காவிக்குள் இடமில்லாதவர்கள் பேச ஒரு மேடை அங்கே இருக்கிறது. அந்த மேடையை மூடநம்பிக்கை என்று பெயரிட்டுக் கீழ்த்தட்டில் வைக்கும்போது, கூடவே யாரைக் கீழே வைக்கிறோம் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

இன்னொரு மறுப்பு காசைப் பற்றியது. இதெல்லாம் வியாபாரம், சமயம் என்று பெரிய பேர் வைக்காதீர்கள் என்பார்கள். 2007ஐ உதாரணம் காட்டுவார்கள். நக்கோன் சி தம்மராட் நகரத் தூணோடு சேர்த்து 1987இல் முதலில் வெளியான சதுக்காம் ராமதேப் என்ற வட்டத் தாயத்து, இருபது ஆண்டு கழித்துத் திடீரென்று நாடு முழுக்க வெறியாகியது. விகாரை, கல்லூரி, அரசு அலுவலகம் என்று ஆளாளுக்குப் புதுப் புதுத் தொகுதி வெளியிட்டார்கள். முன்பதிவுச் சீட்டு வாங்கும் நெரிசலில் ஒரு பெண் மிதிபட்டு இறந்தார். ஓராண்டுக்குள் விலை தரைமட்டம். அசிங்கமான காட்சிதான், அதைப் புனிதப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அந்தச் சந்தையில் ஒரு தாயத்துக்கு மதிப்பு ஏறியது எதனால் என்று பாருங்கள்: எந்த விகாரையில், எந்தப் பிக்குகள் எத்தனை நாள் ஓதினார்கள் என்பதால். பேராசைகூட அந்தப் பழைய வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டியிருந்தது. காட்டில் தவம் இருக்கும் துறவியின் சக்தி நகரத்து வங்கியாளர் கழுத்துக்குத் தாயத்தாக இறங்கிவரும் பாதையைத் தம்பையா 1984இல் தனி நூலாகவே எழுதினார். துறவி உலகை விட்டு எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவுக்கு உலகம் அவரைத் தேடி வருகிறது என்பது அதன் சாரம். காசு வெளியிலிருந்து வந்து கெடுத்தது என்ற கதையைவிட, துறவும் காசும் எப்போதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தன என்ற கணிப்புக்கே சான்று கூடுதல்.

தம்பையாவின் நான்கு தொகுதிகள் மேல் அடுத்த தலைமுறை வைத்த குற்றச்சாட்டுதான் எனக்கு உண்மையிலேயே தலைவலி. எல்லாம் அதனதன் இடத்தில் பொருந்தி, பிசகில்லாமல் ஓடுவதாக அவர் காட்டுகிறார். மனிதர்கள் அப்படியா வாழ்கிறார்கள்? ஈசானில் பிறந்த மானிடவியலாளர் பட்டனா கிதியார்சா, நகரத்துச் சாமியாடிகளிடமும் தாயத்துச் சந்தையிலும் பழகியவர். கிராமத்தின் ஒழுங்கு நகரத்தில் குலைந்து புதுக் கலவைகள் உண்டாவதை எழுதினார். 2011இல் வந்த ஜஸ்டின் மெக்டேனியலின் நூல் ஒரு பேயையும் ஒரு பிக்குவையும் நாயகர்களாக்கி, தாய் பௌத்தத்துக்கு அமைப்பு என்று ஒன்றைத் தேடுவதே வீண் என்கிறது. பிக்கு, மந்திர வல்லமைக்குப் பேர்போன சோம்தெட் தோ, 1872இல் மறைந்தவர். பேய், மே நாக்: கணவன் படைக்குப் போயிருந்தபோது பிரசவத்தில் இறந்து, திரும்பிவந்தவனோடு உயிரோடிருப்பவள் போலவே குடித்தனம் நடத்தியவள். அவள் சன்னிதி பாங்காக்கின் மஹாபுட் விகாரைக்குள், ப்ரா கனோங் கால்வாய் ஓரத்தில் இருக்கிறது. கைக்குழந்தையோடு தங்கத்தாள் ஒட்டிய சிலை, கொடிகளில் வரிசையாகப் பட்டுடைகள், அலமாரியில் குழந்தைப் பொம்மைகள், ஒப்பனைச் சாமான். அவள் பார்ப்பதற்கென்றே தொலைக்காட்சிப் பெட்டி. பக்கத்து மரத்தைத் தேய்த்து லாட்டரி எண் தேடுகிறவர்கள் ஒருபுறம். ஏப்ரல் மாதம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் சிவப்புச் சீட்டு வராமல் கறுப்புச் சீட்டு வர வேண்டும் என்று கும்பிடும் இளைஞர்கள் மறுபுறம். புருஷனைப் படை கொண்டுபோன வலி அவளுக்குத் தெரியும் அல்லவா. 1999இலும் 2013இலும் அவள் கதை படமாகிச் சக்கைப்போடு போட்டது. மெக்டேனியல் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்: யாரும் திட்டம் போட்டு இதைக் கட்டவில்லை, ஒருவர் கும்பிடுவதை அடுத்தவர் கும்பிடுவதில்லை, முரண்பாடு யாரையும் உறுத்தவும் இல்லை. ஆனாலும் ஒழுங்கே இல்லை என்று சொல்லத் தயங்குகிறேன். பேயை அடக்கியவராகக் கதை சொல்வது பிக்குவைத்தான்; பிக்குவை அடக்கிய பேயின் கதை இல்லை. அவள் கோயில் விகாரைக்குள் இருக்கிறது. விகாரை அவள் கோயிலுக்குள் இல்லை. சாமியாடிகள் பலர் பௌத்த நோன்பு நாளான உபோசதத்தில் அருள் வாங்குவதில்லை. வரையறை தளர்ந்திருக்கலாம், முன்பின் என்ற வரிசை இன்னும் இருக்கிறது.

அந்த வரிசை அப்பாவித்தனமானது என்றும் நான் நினைக்கவில்லை. 1936இல் நிறுத்தப்பட்ட ஏர்ப்பூட்டு விழா 1960இல் திரும்ப வந்தது தற்செயலில்லை. ராணுவ ஆட்சியாளர் சரிட், மன்னரின் மங்கிய பொலிவை மீட்டெடுத்து அந்த நிழலில் தன்னை நிறுத்திக்கொண்ட காலம் அது. 2019 மே மாதம் பத்தாம் ராமா முடிசூடியபோது எல்லா மாகாணங்களிலிருந்தும் நீர் எடுத்து, விகாரைகளில் பிக்குகள் ஓதி, பாங்காக்குக்குக் கொண்டுவந்து, கடைசியில் பிராமணர்கள் கையால் அரச சின்னங்கள் தரப்பட்டன. யார் முதலில், யார் பிறகு, யார் யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்பதில் நாட்டின் அதிகாரப் படிநிலை முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. வேலையைக் கேட்டுப் பார்க்கிறவருக்கு அதுவும் தெரியும். மூலத்தை மட்டும் கேட்கிறவருக்கு ‘இந்துச் சடங்கு’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும்.

தாய்லாந்து போகிற தமிழர்கள் பலர் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கு ஒரு நடை போய்வருவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம்மவர் கட்டிய கோயில். கோபுரம், குங்குமம், தமிழ் அர்ச்சகர் எல்லாம் உண்டு. பத்து நிமிடத்தில் கும்பிட்டுவிட்டு, இங்கேயும் அம்மன் என்று படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். முடிந்தால் விஜயதசமி இரவில் போங்கள். சீலோம் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அம்மன் புறப்பாட்டுக்காக வெள்ளை உடுத்தி, தரையெல்லாம் சாமந்தி பரப்பிக் காத்திருப்பவர்களில் பெரும்பான்மை தாய் மக்கள். நடைபாதை நெடுக அவரவர் போட்டிருக்கும் மேடைகளை ஒவ்வொன்றாக நின்று பாருங்கள்: உமாதேவி, பிள்ளையார், பிரம்மா, சீனத் தெய்வமான குவான் யின், பக்கத்திலேயே தாங்கள் மதிக்கும் பிக்குவின் படம். அந்த மேடையை வைத்தவர் யார், அவரிடம் வந்து உட்காருகிறவர் எதற்காக வருகிறார், தேர் கிட்டே வரும்போது யார் யாரை வணங்குகிறார்கள் என்று கவனியுங்கள். நம் அம்மன் அங்கே என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், சொல்வார்கள்.